பாகற்கொடியில் இலையை மடித்துத் தின்னும் பச்சைப் புழு: வேப்பெண்ணெய்க்கு அடங்கவில்லை, என்ன செய்யலாம்?

பச்சைப்பந்தல்:
எல்லோருக்கும் வணக்கம். பாகற்கொடி பந்தலில் நன்றாகப் படர்ந்து பிஞ்சு விடத் தொடங்கியிருக்கிறது. சரியாக இந்த நேரத்தில் புழு பிடித்துவிட்டது. நுனிப் பக்கத்து இலைகள் ஓரம் மடிந்து, வெள்ளை நூலால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் புழு, முதுகில் நீளவாக்கில் இரண்டு வெள்ளைக் கோடுகள். இலையின் பச்சையை முழுக்கச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பையும் மெல்லிய தோலையும் மட்டும் விட்டுவைக்கிறது. சில பிஞ்சுகளிலும் துளை தெரிகிறது.

வாரம் தவறாமல் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறேன். கொடி முழுக்க நனைகிறது. ஆனாலும் புது இலைகள் மடிந்துகொண்டேதான் போகின்றன. வீட்டுச் சமையலுக்கு வளர்ப்பது என்பதால் கடுமையான மருந்து வேண்டாம். பூவுக்குத் தேனீக்கள் நிறைய வருகின்றன, அவற்றுக்கும் கெடுதல் வரக்கூடாது. வழி சொல்லுங்கள்.

ஈரமண்:
இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்துக் கரைத்து அடித்துப் பாருங்கள். எனக்கு அசுவினிக்கு நன்றாகக் கேட்டது.

பூச்சிநோட்டம்:
இரண்டு வெள்ளைக் கோடு என்று சொல்லிவிட்டதால் சந்தேகமே இல்லை. டயஃபேனியா இண்டிகா என்ற அந்துப்பூச்சியின் புழு. வெள்ளரி, பாகல், புடல், பீர்க்கு, கோவை, பூசணி, தர்பூசணி என்று இந்தக் குடும்பத்தில் எதையும் விடாது. தாய்ப் பூச்சியையும் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சிறகின் நடுப்பகுதி பளபளப்பான வெள்ளை, ஓரம் முழுக்க அடர் பழுப்புப் பட்டை, வால் நுனியில் ஆரஞ்சுப் பழுப்பு நிறத்தில் ஒரு மயிர்க்கொத்து. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கொத்தை விரித்து ஆட்டும். பகலில் இலை நிழலில் ஒண்டிக்கொண்டு, இரவில்தான் முட்டையிட வரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேப்பெண்ணெய் சரியில்லை என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். புழு இலையை மடித்து நூலால் தைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அடிப்பது மடிப்பின் வெளிப்புறத்தில் வழிந்து போகிறது. அது தின்னும் பரப்பில் மருந்து ஒரு சொட்டும் படுவதில்லை. இந்தப் புழுவுக்கு எதை அடிப்பது என்பது இரண்டாவது கேள்வி. எப்போது, எந்தப் பக்கம் அடிப்பது என்பதுதான் முதல் கேள்வி.

பச்சைப்பந்தல்:
நீங்கள் சொன்ன அந்துப்பூச்சியைப் பார்த்திருக்கிறேன் ஐயா! அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அப்படியானால் எப்போது அடிக்க வேண்டும்?

பூச்சிநோட்டம்:
முட்டைகளைத் தனித்தனியாகவோ சிறு கூட்டமாகவோ பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் வைக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். பொரித்த குஞ்சுப் புழு உடனே மடிப்புக் கட்டாது. முதலில் அடிப்புறத்தில் திறந்த வெளியிலேயே சுரண்டிக்கொண்டிருக்கும். அப்போது இலையின் மேல்பக்கத்தில் கண்ணாடி போல வெளிறிய சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும். அடிக்க வேண்டிய நேரம் அதுதான். மடிப்பு கண்ணில் பட்டபின் அடித்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

புழுப் பருவம் சுமார் இரண்டு வாரம் வரை போகும். அப்புறம் அதே மடிப்புக்குள் நூல் சுற்றிக் கூட்டுப்புழு ஆகிவிடும். வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கும். அதனால் ஒரே கொடியில் முட்டை, குஞ்சு, பெரிய புழு, கூடு எல்லாமே ஒரே நேரத்தில் இருக்கும். ஒருமுறை அடித்துவிட்டு ஓய முடியாதது இதனால்தான்.

கொடித்தோழி:
நானும் பல பருவமாகப் பாகல் போடுகிறேன், இந்தப் புழுவோடு நிறையப் போராடியிருக்கிறேன். ஐயா சொன்னதோடு என் முறையையும் சொல்கிறேன் பச்சைப்பந்தல்.

முதல் வேலை, இப்போது மடிந்திருக்கும் எல்லா இலைகளையும் கையாலேயே முடித்துவிடுங்கள். மடிப்பைப் பிரிக்கும்போது கவனம். தொட்ட உடனே புழு துள்ளி நெளிந்து கீழே விழும், சில சமயம் நூலில் தொங்கும். அதனால் பிரிப்பதற்கு முன்பே ஒரு கையில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை இலைக்கு நேர் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். பிரிக்கப் பொறுமையில்லை என்றால் மடிப்போடு சேர்த்து விரலால் நசுக்கிவிட்டால் போதும், கூட்டுப்புழுவும் சேர்ந்து போய்விடும். பாதிக்கு மேல் சல்லடையாகிப் போன இலையை மட்டும் கிள்ளி எடுங்கள். கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தாலும் அந்த இலை காய்க்குச் சோறு போடும், விட்டுவிடுங்கள்.

இன்னொன்று பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. காயோடு ஒட்டி நிற்கும் இலையைத் தூக்கிப் பாருங்கள். இந்தப் புழு இலையைக் காயோடு சேர்த்தே தைத்துக்கொண்டு, உள்ளிருந்தபடி காயின் தோலைச் சுரண்டும். உங்கள் பிஞ்சுகளில் துளை வந்தது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நான் காய்களை இலையிலிருந்து விலக்கி, பந்தலுக்குக் கீழே தனியாகத் தொங்கும்படி விடுவேன். அதிலேயே காய்ச் சேதம் நன்றாகக் குறைகிறது.

விதைப்பெட்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பாகல் காய் முற்றும் முன்பே மஞ்சளாகி வளைந்து போகிறது. அரிந்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. இதுவும் அதே புழுவா? இலையில் மடிப்பு எதுவும் இல்லை.

பூச்சிநோட்டம்:
இல்லை, அது பழ ஈ. புழுவைத் தட்டில் போட்டுப் பாருங்கள். கால் இருக்காது, தனியாகத் தலை என்று ஒன்றும் தெரியாது, முற்றிய புழு உடம்பை வளைத்துத் துள்ளும். ஈ தன் முட்டையிடும் ஊசியால் பிஞ்சின் தோலுக்கடியில் முட்டை வைத்துவிடும். குத்திய இடத்தில் பிசின் மாதிரி ஒரு துளி வடிந்து காய்ந்திருக்கும். அந்துப்பூச்சிப் புழு என்றால் வெளியிலிருந்து துளை போட்டு நுழையும், துளை வாயில் ஈரமான எச்சம் குவிந்திருக்கும்.

இரண்டுக்கும் மருத்துவம் வேறு. பழ ஈப் புழு காய்க்குள்ளேயே பிறந்து வளர்வதால் மேலே எதை அடித்தாலும் எட்டாது. பூ உதிர்ந்து பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் காகிதப் பையோ மெல்லிய துணிப் பையோ மாட்டிக் கட்டிவிடுங்கள். மஞ்சளான காயையும் விழுந்த காயையும் அன்றன்றைக்கே எடுத்துக் கட்டிய பையில் வெயிலில் போட்டு வையுங்கள், அல்லது இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். குப்பைக்குழியில் மேலாகப் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி ஈயாகத் திரும்பி வந்துவிடும். கியூ லூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களை இழுக்கும். உங்கள் ஒரு கொடியைக் காப்பாற்ற அது மட்டும் போதாது, ஆனால் ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி.

விதைப்பெட்டி:
மிக்க நன்றி ஐயா. பை மாட்டிப் பார்க்கிறேன்.

மாலைத்தோட்டம்:
என் கொடியில் இலை ஏணிப்படி மாதிரி சுரண்டியிருக்கிறது. மஞ்சள் புழு, உடம்பெல்லாம் கிளை கிளையாக முள். பிடி (Bt) என்ற பாக்டீரியா பவுடர் அடித்தேன், ஒன்றுமே ஆகவில்லை.

கொடித்தோழி:
அது எபிலாக்னா வண்டின் இளம்புழு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிடி அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு மட்டும்தான், வண்டுக்குக் கேட்காது. இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக நட்டுவைத்தது போல நிற்கும், அந்த இலையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். புள்ளி வைத்த பழுப்பு வண்டுகளைக் காலையில் கொடியைத் தட்டி விழவைத்துப் பிடிக்கலாம். வேப்பங்கொட்டைக் கரைசல் இதற்குக் கேட்கும்.

பச்சைப்பந்தல்:
அக்கா, நீங்கள் சொன்னபடி மடிந்த இலைகளைப் பார்த்து எடுத்தேன். காயோடு ஒட்டிய இலைக்குள் நீங்கள் சொன்னது போலவே புழு இருந்தது! பிடி பவுடர் என்று இப்போது பேச்சு வந்ததால் கேட்கிறேன், அது இந்தப் புழுவுக்குக் கேட்குமா? சமையலுக்கு ஆகுமா? தேனீக்கு?

பூச்சிநோட்டம்:
கேட்கும். வீட்டுத் தோட்டத்தில் இந்தப் புழுவுக்கு என் முதல் தேர்வு அதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் எப்படி அடிப்பது என்பது தானாக விளங்கும்.

பிடி என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் இஷிவாடா பட்டுப்புழுக்கள் சாவதற்குக் காரணம் தேடியபோது இதைக் கண்டார். 1911-ல் ஜெர்மனியில் பெர்லினர் மாவுப்பூச்சியின் புழுவில் இதையே பிரித்தெடுத்து, அது வந்த துரிங்கியா பகுதியின் பெயரை வைத்தார். இது உருவாக்கும் புரதப் படிகம் புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை. புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கே படிகம் கரைந்து, குடல் சுவரில் துளை போடுகிறது. சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும், இரண்டு மூன்று நாளில், சில சமயம் இன்னும் சற்றுத் தாமதித்து, புழு சாகும். நம் வயிறு அமிலம், அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. தேனீக்கும் இந்த வகையால் பாதிப்பில்லை. பட்டுப்புழு வளர்ப்பவர்களின் மல்பெரிச் செடி பக்கத்தில் இருந்தால் மட்டும் அடிக்கவே கூடாது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? புழு தின்னும் இடத்தில் மருந்து இருக்க வேண்டும். புழுவின் மேல் பட்டுப் பயனில்லை. அதனால் தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். சிறு புழுவுக்கு நன்றாகக் கேட்கும், பெரிய புழு தப்பிக்கப் பார்க்கும். வெயில் இதைச் சில நாளில் செயலிழக்கச் செய்துவிடும், மழையும் கழுவிவிடும். ஆகவே சாயங்காலம் அடித்து, ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மீண்டும் அடிக்க வேண்டும். அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், உறையில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். சாம்பல் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் போலக் காரமான எதிலும் கலக்கக்கூடாது, வயிற்றில் கரைய வேண்டியது தொட்டியிலேயே கரைந்துவிடும்.

ஈரமண்:
என் இஞ்சி பூண்டு கரைசல் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. நான் உண்மையாகவே பலன் கண்டேன்.

கொடித்தோழி:
அசுவினிக்குக் கண்டது சரியாகவே இருக்கும் ஈரமண். அசுவினி வெளியே உட்கார்ந்திருக்கும், மென்மையான உடம்பு, பட்ட உடனே எரியும். மடிப்புக்குள் இருக்கும் புழுவுக்கு அந்தக் காரம் போய்ச் சேராது. வேறொரு பயமும் எனக்கு உண்டு. பாகல் தளிர் மிக மென்மையானது, மிளகாய் அளவு கூடினால் நுனி கருகும். அடிப்பதானால் ஒரு கிளையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். இதையே எல்லாப் புதுக் கரைசலுக்கும் சொல்வேன். கந்தகத் தூளையும் தாமிர மருந்துகளையும் இந்தக் குடும்பத்துச் செடிகள் பல சமயம் தாங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈரமண்:
புரிகிறது. வெளியே இருப்பது, உள்ளே இருப்பது என்ற வேறுபாட்டை நான் யோசித்ததில்லை.

வரப்புமேடு:
எல்லாம் சரி, ஆனால் இதெல்லாம் ஒன்றிரண்டு கொடி வைத்திருப்பவர்களுக்கு. என்னைப் போல வயலில் பந்தல் போட்டவன் ஒவ்வோர் இலையாகப் பிரித்துப் பார்க்க முடியுமா? எமாமெக்டின் பென்சோயேட் என்ற ரசாயன மருந்தை ஒரு முறை அடித்தால் புழு நிற்கிறது. அதைக் குறை சொல்வது எளிது.

பூச்சிநோட்டம்:
குறை சொல்லவில்லை. எமாமெக்டின், ஸ்பினோசாட், குளோரான்ட்ரானிலிப்ரோல் எல்லாமே புழுவுக்கு நன்றாகக் கேட்பவைதான். வயலில் தேவைப்படும் நேரம் வரும். எனக்கு இருக்கும் கவலை அறுவடைதான். பாகல் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பறிக்கும் பயிர். அடித்த பின் காத்திருக்க வேண்டிய நாட்கள் உறையில் போட்டிருக்கும். அந்த நாட்களுக்குள் ஒன்றிரண்டு பறிப்பு வந்துவிடும். பறிக்காமல் விட்டால் காய் முற்றி மஞ்சளாகிறது, பறித்தால் மருந்தோடு போகிறது. அதனால் அடிப்பதானால் இந்தப் பயிருக்கு உங்கள் பகுதியில் அனுமதி உள்ள மருந்தை, காய் பறிக்கத் தொடங்கும் முன் அடித்துவிடுவது நல்லது. பறிப்பு தொடங்கியபின் பிடியும் வேம்பும்தான் கைகொடுக்கும்.

இரண்டாவது, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாங்கிப் பிழைத்த புழுவின் சந்ததி பெருகும். வேறு விதமாக வேலை செய்யும் மருந்துக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பெயர் மாறினால் போதாது, ஒரே வகை மருந்து பல பெயரில் வரும்.

வரப்புமேடு:
காத்திருக்கும் நாள் பற்றிச் சொன்னது நியாயம். அது எங்களுக்கு எப்போதும் இடிக்கும் இடம்தான். பைரித்திராய்டு வகைப் பூச்சி மருந்து அடிக்கலாமா? செலவு குறைவு.

கொடித்தோழி:
வேண்டாம் அண்ணா. அது கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கொல்லும். புழுவைத் தின்னும் சிலந்தி, குளவி, பொறிவண்டு எல்லாம் போனபின் வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் ஏறும். புழுவுக்கு அடித்து வெள்ளை ஈயை வரவழைத்த கதைதான் ஆகும். தேனீ போனால் காய் பிடிப்பதே நின்றுவிடும். பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, நடுவில் மகரந்தம் சுமக்க யாராவது வேண்டும்.

பூச்சிநோட்டம்:
வயலுக்கும் கண்ணால் பார்க்கும் வேலையைச் சுருக்கிச் செய்யலாம் வரப்புமேடு. எல்லா இலையும் வேண்டாம். வாரம் இருமுறை, வரிசைக்குச் சில கொடிகளில் நுனி இலைகளை மட்டும் திருப்பிப் பாருங்கள். வயல் ஓரத்தில் களையாகப் படர்ந்திருக்கும் கோவைக்கொடியையும் பாருங்கள், பயிர் இல்லாத காலத்தில் இந்தப் பூச்சி அங்கே தங்கும். வெளிறிய திட்டு தெரியத் தொடங்கும் வரிசையில் மட்டும் அடித்தால் செலவும் குறையும். டிரைக்கோகிரம்மா என்பது அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் நுண்குளவி, அது ஒட்டிய காகித அட்டை கிடைத்தால் அந்துப்பூச்சி நடமாட்டம் தெரிந்த உடனே கட்டுங்கள். அட்டை கட்டிய நாட்களில் மருந்து அடிக்கக்கூடாது, குளவியும் சேர்ந்து செத்துவிடும்.

பச்சைப்பந்தல்:
இன்று ஒன்றைப் பார்த்தேன். ஒரு மடிப்புக்குள் புழு சோர்ந்து கிடக்கிறது, பக்கத்தில் சின்னதாக வெள்ளைப் பஞ்சு உருண்டை போல, அரிசியைவிடச் சிறியதாக, ஒட்டிக்கொண்டிருக்கிறது. புழுவின் முட்டையா? நசுக்கிவிடவா?

பூச்சிநோட்டம்:
நசுக்காதீர்கள்! அது அபான்டெலஸ் வகைக் குளவியின் கூடு. தாய்க் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெளியே வந்து அந்த வெள்ளைக் கூட்டைக் கட்டும். அதற்குள்ளிருந்து வரும் குளவி உங்கள் கொடியிலேயே அடுத்த புழுவைத் தேடிப் போகும். அந்த இலையை அப்படியே விட்டுவிடுங்கள். இனி மடிப்பை மொத்தமாக நசுக்குவதற்கு முன் பிரித்து ஒரு பார்வை பார்ப்பது நல்லது, வெள்ளைக் கூடு இருந்தால் விடுங்கள்.

கொடித்தோழி:
அட, மடிப்போடு நசுக்குங்கள் என்று நான் சொன்னதற்கு ஐயா சொல்வது நல்ல திருத்தம். கூடு வரத் தொடங்கியிருந்தால் பிரித்துப் பார்த்தே செய்யுங்கள்.

பச்சைப்பந்தல்:
விட்டுவிட்டேன். வேம்பை இனி விட்டுவிடலாமா, பிடியோடு சேர்த்து அடிக்கவேண்டுமா?

கொடித்தோழி:
விடாதீர்கள். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுவைச் சட்டென்று கொல்லாது. தின்னப் பிடிக்காமல் செய்யும், தோலுரிக்க விடாமல் வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே புழு குறைவாக இருக்கும்போது தடுப்பாக அடிக்க வேம்பு, குஞ்சுப் புழு கண்ணில் பட்டால் பிடி, மடிப்பு கட்டிவிட்டால் கை. நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

எண்ணெயைவிட எனக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் பிடிக்கும். லிட்டருக்கு 50 கிராம் பருப்பு, நன்றாக இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பால் போல வெள்ளை வரும்வரை பிழிந்து வடிகட்டுங்கள். ஒட்டுவதற்குக் காரம் குறைந்த சோப்பு லிட்டருக்கு 2 கிராம் போதும். அன்று சாயங்காலமே அடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். எண்ணெய்தான் கிடைக்கிறது என்றால் லிட்டருக்கு 5 மில்லி தாண்டாதீர்கள். முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்து, பிறகு தண்ணீர் சேருங்கள், இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து ஓரிடத்தில் கொட்டி இலையைக் கருக்கும். நண்பகல் வெயிலில் அடிக்கவே வேண்டாம். பாகல் பூ விடிகாலையில் விரிவது, தேனீயும் காலையில்தான் வரும். சாயங்காலம் அடித்தால் இருவருக்கும் தொந்தரவில்லை.

வரப்புமேடு:
தழைச்சத்து உரம் கூடினால் புழு கூடுகிறது என்பது என் அனுபவம். இலை கருகருவென்று தளதளப்பாக வந்த வரிசையில்தான் எப்போதும் முதலில் பிடிக்கும். கொடிக்கு அடியில் கோழிகளை விடுவதும் உண்டு, விழுந்த புழுவைக் கொத்திவிடும். கொடி உயரமாகப் பந்தலில் ஏறியபின்தான் விட வேண்டும், கன்றாக இருக்கும்போது விட்டால் கன்றையே கொத்தும்.

பச்சைப்பந்தல்:
எல்லோருக்கும் ஒரு தகவல் சொல்ல வந்தேன். மடிப்புகளைப் பிரித்து எடுத்துவிட்டு, சாயங்காலத்தில் அடிப்புறமாகப் பிடி அடித்தேன், இடைவெளி விட்டு மறுபடி அடித்தேன். புதிதாக விட்ட நுனியில் மடிப்பு மிகவும் குறைந்திருக்கிறது. புது இலைகள் முழுசாக விரிந்திருக்கின்றன. பழைய இலைகளில் ஆங்காங்கே ஒன்றிரண்டு வருகிறது, அதைக் கையால் எடுக்கிறேன். வெள்ளைக் கூடுகள் இன்னும் சில கண்ணில் பட்டன. பிஞ்சுகளும் சுத்தமாக இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. காய்ப்பு முடிந்தபின் இந்தக் கொடியை என்ன செய்வது? அதே இடத்தில் வெள்ளரி போடலாம் என்று எண்ணம்.

பூச்சிநோட்டம்:
நல்ல செய்தி. கொடி ஓய்ந்ததும் பந்தலிலேயே காயவிடாதீர்கள். காய்ந்த இலை மடிப்புகளில் கூட்டுப்புழு இருக்கும், அங்கிருந்தே அந்துப்பூச்சி கிளம்பும். பச்சையாக இருக்கும்போதே அறுத்து, இலைச் சருகையும் கூட்டி எடுத்து, மண் மூடும்படி மக்குக் குழியின் அடியில் போடுங்கள். அதே இடத்தில் உடனே வெள்ளரி வேண்டாம், அது இந்தப் பூச்சிக்கு இன்னும் பிடித்தமானது. நடுவில் ஒரு பருவம் வெண்டையோ கீரையோ தட்டைப்பயறோ போடுங்கள். அப்புறம் வெள்ளரி போடும்போது கன்றுப் பருவத்தில் மெல்லிய வலை போட்டு மூடுங்கள், பெண் பூ வந்ததும் தேனீக்காக வலையை எடுத்துவிடுங்கள்.

பச்சைப்பந்தல்:
சரி ஐயா, அப்படியே செய்கிறேன். வெண்டை விதை கையில் இருக்கிறது, அதையே போடுகிறேன்.